முதுகில் எழுதிய பெயர்

முன்பு திருநெல்வேலி மாவட்டத்துச் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்திருந்து, இப்போது தென்காசி மாவட்டத்துச் சிவகிரி வட்டத்துக்கு உட்பட்டிருக்கும் ராயகிரிப் பேரூரைச் சுற்றி, மேற்கே மலையடிவாரம் வரையில் பரவிக் கிடக்கும் ஊர்களிலே, பொங்கலை அடுத்த நாட்களிலும் கோயில் கொடை நாட்களிலும், இரவு வெகுநேரம் வரையில் ஒலிபெருக்கி ஓய்வதில்லை. பாட்டும் அறிவிப்பும் நன்கொடையாளர் பட்டியலும் அதிலே மாறி மாறி வந்தாலும், ஜனங்கள் காது கொடுத்துக் கேட்பது கபடி வர்ணனையைத்தான். "மூணாம் நம்பர் பாடி வர்றாரு, அஞ்சாம் நம்பர் கார்னர்ல நிக்கிறாரு, போனஸ் போட்டுட்டாரு மூணாம் நம்பர்!" என்று வர்ணனையாளர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போகையில், அந்த மூன்றாம் எண் எந்தத் தெருப் பிள்ளை, யாருடைய மகன், சென்ற வருஷம் எந்த ஊரில் எத்தனை பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான் என்பதெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கு மனப்பாடம். வெளியூரிலிருந்து வேனில் வந்து இறங்கியவர்களுக்கோ அவன் வெறும் மூன்றுதான். அவனுடைய பனியனின் முதுகிலே, எண்ணுக்கு மேலே, ஒரு சாண் அகலத்தில் பெயர் எழுதப்பட்டிருக்குமானால், அவன் அன்றிரவு அத்தனை ஊருக்கும் பெயருள்ள மனிதனாகிவிடுகிறான். அந்த ஒரு சாண் இடத்துக்கு எவ்வளவு பெரிய அர்த்தம் உண்டு என்பதையும், குறிப்பாக நம்முடைய தென் மாவட்டங்களில் அது எவ்வளவு விசேஷமானது என்பதையும் எடுத்துச் சொல்லுவதே இக்கட்டுரையின் உத்தேசம்.

எண் எதற்காக என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்க நியாயமில்லை. கபடி விதிகளின்படி ஒவ்வொரு வீரரும் தம் சட்டையின் முன்புறத்தில் குறைந்தது 4 அங்குலமும் முதுகில் குறைந்தது 6 அங்குலமும் உயரமுள்ள எண்ணை அணிந்திருக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் தடவியிருக்கக் கூடாது, ஆபரணம் எதுவும் அணிந்திருக்கக் கூடாது என்னும் விதிகளோடு சேர்ந்தே இந்த எண் விதியும் நிற்கிறது. 12 பேர் கொண்ட குழுவில் 7 பேர் களத்தில் நிற்க, 30 வினாடிக்குள் ஒருவன் பாடிச் சென்று இரண்டு பேரைத் தொட்டுவிட்டு மீள, அதே கணத்தில் வேறொருவன் கோட்டுக்கு வெளியே கால் வைத்துவிட, இவற்றில் யார் ஆட்டமிழந்தார், யார் உயிர் பெற்று உள்ளே வரவேண்டும் என்று நடுவரும் குறிப்பெழுதுபவரும் தீர்மானிக்க வேண்டுமானால், எண்ணை விட்டால் வேறு உபாயம் இல்லை. ஆனால் கபடியின் எண் ஆட்டக்காரனுடைய ஸ்தானத்தைச் சொல்லுவதில்லை. இடது கார்னரில் நிற்பவன் 2 ஆகவும் இருக்கலாம், 11 ஆகவும் இருக்கலாம். கவரில் நிற்பவனும் அப்படியே. எண் அவனைக் கண்டுபிடிக்க உதவுமே தவிர, அவன் என்ன வேலை செய்கிறான் என்பதை அறிவிக்காது.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பிரதாயம் உலகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தில் 1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி கூடிய ரக்பிக் கழகங்கள், சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்துவிட்டு விளையாட வந்த ஏழை ஆட்டக்காரர்கள் வேலையை விட்டுவந்த நேரத்துக்காகப் பணம் கொடுக்கலாமா கூடாதா என்ற வழக்கிலே தாய்ச் சங்கத்தினின்றும் பிரிந்துபோய்த் தனியே ஒரு சங்கம் கண்டன. அந்தப் பிரிவிலிருந்து வளர்ந்ததே ரக்பி லீக். 1906-இல் அணிக்கு 15 பேர் என்றிருந்ததை 13 ஆகக் குறைத்துக்கொண்ட அந்த ஆட்டத்தில், ஒவ்வோர் எண்ணும் ஒரு ஸ்தானத்துக்குச் சொந்தம். கடைசிக் காவலாக நிற்பவன் 1. ஸ்க்ரம் என்னும் நெருக்கத்திலிருந்து பந்தை எடுத்துத் தொடுப்பவன் 7. அந்த நெருக்கத்தின் நடுவே நின்று காலால் பந்தைக் கொக்கியிட்டு இழுப்பவன் 9. இன்றைக்கு 7-ஐ அணிந்தவன் அடுத்த வாரம் வேறு ஸ்தானத்தில் ஆடினால் வேறு எண்ணை அணிவான். எண் மனிதனுக்குச் சொந்தமன்று. மனிதன்தான் சிறிது காலம் அந்த எண்ணுக்கு வந்து குடியிருந்து போகிறான். 1996-இல் இங்கிலாந்தில் சூப்பர் லீக் என்ற பெயரில் ஆட்டத்தைப் புதுப்பித்தபோது, வருஷம் முழுவதற்கும் ஒருவனுக்கு ஒரே எண் என்ற முறை அங்கே வந்தது. ஆஸ்திரேலியாவிலோ இன்றும் பழைய சம்பிரதாயமே, முதல் 13 பேருக்கு ஸ்தானத்துக்குரிய எண்களும் மாற்று ஆட்டக்காரர்களுக்கு 14 முதலான எண்களுமாக, உறுதியாக நிலைத்திருக்கிறது.

இவ்விரண்டு முறைகளில் எது சிறந்தது என்று அவ்விரு நாட்டு ரசிகர்களும் வாதிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். எண் ஸ்தானத்துக்கு உரியதாக இருந்தால், பழைய காலத்து 6-ஆம் எண்காரனையும் இன்றைய 6-ஆம் எண்காரனையும் ஒரே வம்சாவளியில் வைத்துப் பார்க்கலாம் என்பது ஒரு கட்சி. ஆட்டக்காரன் நாற்காலிக்கு வந்த உத்தியோகஸ்தனைப் போன்றவனல்லன், அவனே ஆட்டம் என்பது மற்றொரு கட்சி. இரண்டையும் சமாதானப்படுத்துவதற்கென்றே போலும், அங்கே அநேக கழகங்கள் இன்னோர் எண்ணையும் கொடுக்கின்றன. கழகம் தோன்றிய நாள் முதல் அதற்காக ஆடியவர்களையெல்லாம் முதல் ஆட்டத்தின் தேதி வரிசைப்படி எண்ணி, இவன் இத்தனையாவது ஆள் என்று குறிக்கும் பரம்பரை எண் அது. அதை வேறொருவன் ஒருநாளும் அணிய முடியாது. ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு மறைந்தவனுக்கும் அது உண்டு. அவன் செத்த பிறகும் அது அவனுடையதே. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. புகழ் பெற்றவனையும் பெறாதவனையும் ஒரே வரிசையில் நிறுத்தும் கௌரவம் இதைப்போல் வேறெங்கும் கிடையாது.

எண்ணையே வேண்டாமென்று மறுத்தவர்களும் இருந்தார்கள். ஸ்காட்லாந்தின் ரக்பிச் சங்கத்துப் பெரியவர் ஒருவரிடம், உங்கள் ஆட்டக்காரர்களுக்கு ஏன் எண் இல்லை என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கேட்டதாகவும், இது ரக்பி ஆட்டமேயன்றி மாட்டுச் சந்தையன்று என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதாகவும் அந்நாட்டில் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கோபமான பதில்தான், ஆனாலும் அதில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. மனிதனுக்கு எண் மாத்திரம் கொடுத்துப் பெயரைக் கொடாமல் விட்டால், அவன் சற்றே குறைந்துதான் போகிறான். அதனால்தான் எண் வந்த இடங்களிலெல்லாம் சிறிது காலத்துக்குப் பின் பெயரும் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் 1933-ஆம் ஆண்டுக் கால்பந்து இறுதியாட்டத்தில் ஓர் அணிக்கு 1 முதல் 11 வரையிலும் எதிரணிக்கு 12 முதல் 22 வரையிலும் எண் கொடுத்துப் பார்த்தார்கள்; பெயர் வருவதற்கு மேலும் 60 ஆண்டுகள் பிடித்தன. கிரிக்கெட்டில் 1992 உலகக் கோப்பையின் வர்ணச் சட்டைகளில் பெயர் வந்தது. 1999 உலகக் கோப்பையில் எண் வந்தது. வெள்ளை உடையின் பரிசுத்தத்தைப் பற்றி வெகுகாலம் பேசிக்கொண்டிருந்த டெஸ்ட் ஆட்டத்திலும், 2019 ஆகஸ்டு 1-ஆம் தேதி பர்மிங்ஹாமில் தொடங்கிய ஆஷஸ் தொடரோடு பெயரும் எண்ணும் முதுகிலேறிவிட்டன.

நம் நாட்டில் எண் அபிமானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உதாரணம் வேண்டுமானால், 2017-இல் இலங்கையில் ஓர் இளம் பந்துவீச்சாளர் 10-ஆம் எண்ணை அணிந்து இறங்கியபோது எழுந்த கூக்குரலை நினைத்துக்கொண்டால் போதும். சச்சினுக்குப் பிறகு அதை எவரும் தொடக்கூடாது என்று ரசிகர்கள் ஆக்ஷேபித்தார்கள். அவ்வெண் அதன்பின் எவருக்கும் கொடுக்கப்படவில்லை. 2023 டிசம்பரில் தோனியின் 7-ஆம் எண்ணும் அவ்வாறே ஒதுக்கி வைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று ஓய்வு பெற்ற ஹாக்கிக் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷின் 16-ஆம் எண்ணை, மூத்தோர் அணியில் இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். நம் ஊர்க் குழுக்களிலே 7-ஐ ஒதுக்கி வைக்க எவர் சம்மதிப்பார்? ஜூலை 7-ஆம் தேதி பிறந்த தோனியின் பேராலும், கால்பந்து ரொனால்டோவின் பேராலும், ஒரே குழுவில் நான்கு பேர் 7 வேண்டுமென்று நிற்பார்கள். ஒருவனுக்கு 7, ஒருவனுக்கு 07, இன்னொருவனுக்கு 77 என்று பங்கிட்டுத்தான் குழுத் தலைவன் சண்டையைத் தீர்க்க வேண்டியிருக்கும்.

ஆயினும் எண்ணைப் பற்றிய பெருமையைவிடப் பெயரைப் பற்றிய பெருமை ஆழமானது என்பதைத் தமிழ்நாட்டிலே ஒருவர் காட்டியிருக்கிறார். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன், டென்னிஸ் பந்தில் யார்க்கர் வீசிப் பழகிய ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. அவருக்கு வழிகாட்டியாகவும் மூத்த சகோதரர் ஸ்தானத்திலும் இருந்து சென்னைக்கு அழைத்து வந்தவர் அதே ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ். தமிழ்நாடு பிரீமியர் லீகில் ஆடி வெளியுலகுக்குத் தெரியவந்த காலத்தில், நடராஜன் தம் சட்டையில் எழுதிக்கொண்ட பெயர் 'ஜே.பி. நட்டு' என்பது. தம் பெயருக்கு முன்னே, தகப்பனாரின் எழுத்து நிற்க வேண்டிய இடத்திலே, வழிகாட்டியின் எழுத்துகளை நிறுத்திக்கொண்டார். எந்த விதியும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எந்த விளம்பரதாரரும் அதற்குப் பணம் கொடுக்கவில்லை. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானோருக்கு அந்த இரண்டெழுத்தின் பொருள் அப்போது தெரிந்திருக்க முடியாது. தெரிய வேண்டியவர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும் என்ற எண்ணத்தோடு செய்த காரியமாகவே எனக்கு அது தோன்றுகிறது. அதே நடராஜன் 2021 ஜனவரி 15-ஆம் தேதி, ரக்பி லீகின் கோட்டைகளில் ஒன்றான பிரிஸ்பேன் நகரத்தில், இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடிய 300-ஆவது மனிதரானார். அதே காலையில் தொப்பி பெற்ற சென்னை வாஷிங்டன் சுந்தர் 301. முதுகில் அணியும் எண் நாளைக்கு மாறலாம். 300 என்பது மாறாது. ரக்பிக் கழகங்களின் பரம்பரை எண்ணுக்கும் இதற்கும் பேதமில்லை.

இனி, நம் தென்பாண்டிச் சீமைக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். பெயர் என்பது இங்கே சாமானியமான சங்கதியன்று. வடநாட்டிலும் ஆந்திரத்திலும் ஒருவருடைய பெயரைக் கேட்ட மாத்திரத்தில் குலமும் கோத்திரமும் தெரிந்துவிடும்படியாகப் பின்னால் ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டிருக்க, தமிழ்நாட்டில் மாத்திரம் முன்னே ஓர் எழுத்தும் அதன்பின் தன் பெயருமாக அது நின்றுவிடுகிறது. இது தானாக வந்ததன்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயரோடு சாதிப் பட்டத்தைச் சேர்த்துக்கொள்வதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தலைமை வகித்த பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியன் முதலானோர் பொது மேடையிலேயே தங்கள் பட்டத்தைக் களைந்தார்கள். கடைப் பலகையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அந்தப் பட்டங்கள் இன்னும் தலைகாட்டிக்கொண்டுதான் இருக்கின்றன என்றாலும், பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் அநேகமாக அவை இல்லை. ஆகவே ராயகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன் தன் பெயரைப் பனியனின் முதுகில் எழுதிக்கொள்ளும்போது, அதில் அவன் மாத்திரமே இருக்கிறான். வேண்டுமானால் அவன் தகப்பன் ஓர் எழுத்தாக உடன் இருக்கிறான். உலகத்தில் வேறு அநேக தேசங்களில் சட்டையின் முதுகில் குடும்பப் பெயர் நிற்கிறது. நமக்கோ அங்கே ஆளின் பெயரே நிற்கிறது. இது பெரிய பாக்கியம்.

ஆனால் முதுகிலே இல்லாதது மார்பிலே வந்து உட்கார்ந்துகொள்வதும் நடக்கிறது. குழுவின் பெயரிலும், சட்டையின் இரண்டு வர்ணச் சேர்க்கையிலும், மார்பில் அச்சிடப்படும் தலைவர் படத்திலும் சாதியைச் சொல்லாமல் சொல்லிவிடும் வழக்கம் தென் மாவட்டங்களில் வேரூன்றிவிட்டது. இதன் விபரீதம் தெரிந்தே, கபடிப் போட்டி நடத்த அனுமதி கேட்டு வரும் மனுக்களில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வீரர்களின் உடையில் அரசியல் தலைவர் படமோ சாதித் தலைவர் படமோ அடையாளமோ இருக்கக் கூடாது, சாதியைப் புகழும் பாட்டு ஒலிக்கக் கூடாது, அத்தகைய தட்டிகள் வைக்கக் கூடாது என்று நிபந்தனை விதித்து உத்தரவிட்டு வந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வர்ணக் கயிறுகளும் இதே நோயின் மற்றொரு குறிதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அரசு நியமித்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், அந்தக் கயிறுகளையும் மோதிரங்களையும் தடைசெய்ய வேண்டுமென்று பரிந்துரைத்தது.

தடை வேண்டியதுதான், நீதிமன்றத்தின் நிபந்தனையை எழுத்துக்கு எழுத்து அனுசரிக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்றை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். இருபது வயதுப் பிள்ளை, பகலெல்லாம் விசைத்தறியிலோ வயலிலோ கல்லூரியிலோ கழித்துவிட்டு, மாலையில் முழங்கால் தேயப் பயிற்சி செய்து, ஊர் கூடியிருக்கும் வெளிச்சத்திலே வந்து நிற்கையில், நான் இன்னான் என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசைக்கு அவனுடைய பெயரையே கொடுத்துவிட்டால், இன்ன கூட்டத்தான் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் அவனுக்குக் குறையும் என்பது என் திடமான அபிப்பிராயம். இதனால் மாத்திரம் பகை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மறுகரையில் நிற்கும் கார்னர் ஆட்டக்காரனைப் பெயர் சொல்லிப் பாராட்டக் கற்றுக்கொண்ட கூட்டம், அவனைச் சட்டையின் வர்ணத்தால் மாத்திரம் அறிந்த கூட்டத்தைக் காட்டிலும் ஒரு படி மேலே இருக்கிறது என்றுதான் சொல்லுகிறேன்.

செலவைக் காரணம் காட்டுவோருக்கு, இன்று பனியன் எப்படித் தயாராகிறது என்பதைச் சொல்ல வேண்டும். முன்னாளில் வெள்ளைப் பருத்திப் பனியனை வாங்கி, அட்டையில் வெட்டிய அச்சை வைத்து, பெயிண்ட்டால் எண்ணைத் தீற்றுவார்கள். நாலு சலவையில் அது பாளம் பாளமாக வெடித்து உதிரும். இல்லாவிட்டால் துணியில் எண்ணை வெட்டித் தையற்காரரிடம் கொடுத்துத் தைத்துக்கொள்வார்கள். அப்போது பெயருக்கு ஏது இடம்? இன்று திருப்பூரிலும் மற்ற இடங்களிலும், முழுச் சட்டையின் வடிவத்தையும் முதலில் காகிதத்தில் அச்சடித்து, அதை வெள்ளைப் பாலியெஸ்டர் துணியின் மேல் வைத்துச் சுமார் 200 டிகிரிச் சூட்டில் அழுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் மை நீராகாமலே ஆவியாகி, துணியின் இழைக்குள் புகுந்து அங்கேயே குளிர்ந்து தங்கிவிடுகிறது. ஆகையால் அது உரிவதுமில்லை, வெடிப்பதுமில்லை. பருத்தியில் இந்த மை பிடிக்காது, பாலியெஸ்டர்தான் வேண்டும். இந்த முறையில் ஒவ்வொரு சட்டைக்கும் காகிதம் தனித்தனியே அச்சாவதால், எண்ணை மாற்றுவது எவ்வளவு சுலபமோ பெயரை மாற்றுவதும் அவ்வளவே சுலபம். குழுத் தலைவன் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியலில், அளவு, எண், பெயர் என்று மூன்று பத்தி இருக்கும், அவ்வளவுதான் வேலை. அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் மாலையிலே, வழக்கமாக எதற்கும் அலட்டிக்கொள்ளாத பிள்ளைகள்கூடத் தங்கள் பெயரில் எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாதென்று இரண்டு தரம் மூன்று தரம் சரிபார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்.

2014-இல் தொடங்கிய புரோ கபடி லீகும், 2017-இல் அதில் பிரவேசித்த தமிழ் தலைவாஸ் அணியும், முதுகில் பெயர் என்பதைக் கிராமத்துப் பிள்ளைகளின் கண்ணுக்குப் பழக்கமாக்கின. ஆயினும் ஊர்ப்போட்டிகளில் இன்னும் அநேக குழுக்களின் முதுகில் எண்ணுக்கு மேலே இருப்பது உபயதாரரின் பெயர். பனியன் உபயம் செய்தவருக்கு நன்றி சொல்ல வேண்டியது நியாயமே. அவருக்கு மார்பு இருக்கிறது, கை இருக்கிறது, எண்ணுக்குக் கீழே இடம் இருக்கிறது. எண்ணுக்கு மேலேயுள்ள ஒரு சாணை மாத்திரம் ஆடுகிறவனுக்கு விட்டுவிடும்படி அவரைக் கேட்டுக்கொண்டால் மறுப்பவர் அதிகம் இருக்கமாட்டார். பெயரைத் தமிழிலேயே எழுதுவதும் நல்லது. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தாய் ஒருத்தி, களத்தின் ஓரத்தில் நின்றுகொண்டே மகனுடைய முதுகைத் தானே வாசித்துக்கொள்ளட்டும்.

ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் சிற்றூரில் பிறந்த கணேசன், 1994-இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடிக் குழுவில் ஆடினார். மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவியே மாரி செல்வராஜ் 2025-இல் 'பைசன் காளமாடன்' என்ற படத்தை எடுத்தார். அவரை இன்று எல்லோரும் அழைப்பது மணத்தி கணேசன் என்றுதான். தகப்பனாரின் எழுத்துக்குப் பதிலாக ஓர் ஊர் முழுவதும் அவர் பெயருக்கு முன்னே வந்து நின்றுகொண்டது. அந்த ஊரில் எந்தத் தெரு என்று அப்பெயர் சொல்லுவதில்லை. ராயகிரிப் பகுதியின் விழாக் கமிட்டிகள் அடுத்த பொங்கலுக்குப் போட்டி நடத்த விண்ணப்பிக்கும்போது, நுழைவுப் படிவத்தில் 12 பேரின் எண்ணோடு பெயரையும் கேட்டு வாங்கி, அந்தப் பட்டியலின் ஒரு பிரதியை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே வர்ணனையாளரின் மேஜையில் வைத்துவிட்டால், பெயர் அச்சிட இயலாத ஏழைக் குழுவின் பிள்ளைகளையும் அவர் பெயர் சொல்லியே அழைக்கலாம்.